ஜன்னல் தகரத்தைக் கழற்றுங்கள்

மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் நகர்நல அலுவலர் அவர்களுக்கும்,

உங்கள் பொறுப்பில் இருக்கும் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில், காசநோய் வார்டின் தெருப்பக்க ஜன்னல்கள் ஏழையும், நோய் பரவும் என்று பயந்து எதிர்த் தெரு மக்கள் மனு கொடுத்ததால், போன மாதம் தகரம் அடித்து மூடிவிட்டீர்கள். அந்த வார்டில் என் அண்ணன் படுத்திருந்தான். அவனுக்குத் துணையாக நான் 23 நாள் அங்கேயே இருந்தேன். தகரம் அடிப்பதற்கு முன்னால் 14 நாள், அடித்த பிறகு 9 நாள். இரண்டையும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், நீங்கள் செய்தது தப்பு. நோயாளிகளுக்குச் சங்கடம் என்கிற அளவில் நிற்கிற தப்பு இல்லை இது, நோயைப் பரப்புகிற தப்பு. இதையே மனுவாக எழுதி இரண்டு தடவை கொடுத்தேன், கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை கூட்டத்தில் ஒன்று, உங்கள் அலுவலகத்தில் ஒன்று. ரசீது இருக்கிறது, பதில் இல்லை. அதனால் இப்போது எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

அண்ணன் தையல்காரன். ஜனவரியிலிருந்து இருமல். மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்து, அப்புறம் ஒரு டாக்டர், அப்புறம் இன்னொரு டாக்டர் என்று மூன்று மாதம் போய்விட்டது. கடைசியில் சளி டெஸ்ட் எடுத்தபோதுதான் டி.பி. என்று தெரிந்தது. அதற்குள் ஆள் 39 கிலோவுக்கு வந்துவிட்டான், உயரம் 168 சென்டிமீட்டர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை, உயரம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று எல்லாம் வரிசையாகப் பார்த்தார்கள். அவனால் நிற்க முடியவில்லை. "இவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, உடனே அட்மிஷன்" என்று அந்த சிஸ்டர் சொன்னார். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் இப்படிப் பார்த்துத்தான் ஆபத்தான நிலையில் உள்ளவர்களைப் பிரிக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நல்ல திட்டம். என் அண்ணன் இன்று உயிரோடு இருப்பதற்கு அந்தப் பத்து நிமிடப் பரிசோதனைதான் காரணம் என்று நம்புகிறேன், அதைச் செய்தவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அப்படிக் காப்பாற்றி அனுப்பிய ஆளைத்தான் நீங்கள் காற்று வராத ஹாலில் போட்டுவிட்டீர்கள்.

அந்தக் கட்டடத்தை நீங்கள் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். காலராவுக்கும் அம்மைக்கும் கட்டியது, எங்கள் அம்மா இன்றைக்கும் அதைக் "காலரா ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்லும். சுவர் கை முழம் அகலம், கூரை அவ்வளவு உயரம், ஜன்னல் ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல், அதற்கும் மேலே வென்டிலேட்டர். தெருப்பக்கம் ஏழு ஜன்னல், எதிரே வராண்டாவுக்குத் திறக்கிற மூன்று கதவு. காலையில் தெருப்பக்கமிருந்து காற்று வந்து கட்டில்களைத் தாண்டி வராண்டா வழியாக வெளியே போய்விடும். ஓட்டைக் கட்டடம்தான், பாத்ரூம் கதவு பாதி இற்றுப்போயிருந்தது, ஆனால் காற்று விஷயத்தில் கட்டியவர்களுக்கு என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்கிறது.

பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு ஆஸ்பத்திரிகளில் அறை அறையாகக் காற்றோட்டத்தை அளந்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று 28 தடவை மாறுகிறது என்பது அவர்கள் கண்டது. மெஷின் வைத்துக் காற்றை இழுக்கிற நவீன தனிமை அறைக்குச் சொல்லப்படும் அளவே மணிக்கு 12 தடவைதான். அதிலும் 50 வருஷத்துக்கு முன் கட்டிய, கூரை உயர்ந்த, பெரிய ஜன்னல் வைத்த பழைய வார்டுகள் 40 தடவை வரைக்கும் போயிருக்கின்றன. நம் ஊர் வார்டு அந்த ரகம்தான். கோடி ரூபாய் செலவழித்தாலும் சுலபத்தில் கிடைக்காத ஒன்று உங்களிடம் சும்மா இருந்தது. ஏழு தகரத்தில் அது போய்விட்டது.

தகரம் அடித்த நாளைச் சொல்கிறேன். அக்னி நட்சத்திரம். காலை 11 மணி இருக்கும். இரண்டு பேர் ஏணியோடும் டிரில் மெஷினோடும் வந்தார்கள். நான் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன், பார்த்ததும் தெரிந்துவிட்டது, கூரைக்குப் போடுகிற நீலக் கலர் ஷீட். ஜன்னலைச் சுற்றி எல்-ஆங்கிள் வைத்து, ரப்பர் வாஷர் போட்ட ஸ்க்ரூவாக, ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்று முடுக்கினார்கள். உள்ளே ஆட்கள் கட்டிலில் படுத்திருக்கும்போதே டிரில் ஓடியது. சுண்ணாம்புத் தூள் கொட்டி, ஏற்கெனவே நுரையீரல் பாதி போனவர்கள் மாறி மாறி இருமினார்கள். டியூட்டி சிஸ்டர் ஓடிப்போய் "யார் சொன்னது, எங்க டாக்டருக்குத் தெரியுமா" என்று கேட்டார். ஒரு தாளை நீட்டினார்கள். அதைப் படித்துவிட்டு அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே வந்தார். மேலே இருந்த வென்டிலேட்டரையும் விடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். அதற்கு முந்தைய நாட்களில் கொசுவுக்காக ராத்திரி அண்ணன் கட்டில் காலடியில் ஊதுபத்தி ஏற்றி வைப்பேன். அந்தப் புகை எழும்பியதுமே வராண்டாப் பக்கம் சாய்ந்து, கதவைத் தாண்டிப் போய்விடும், அதனால் யாரும் இருமியதில்லை. தகரம் அடித்த அன்றும் அதே இடத்தில் ஏற்றினேன். புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போய், ஃபேன் அடியில் கலைந்து, அண்ணன் தலைக்கு மேலேயே வட்டம் போட்டுக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், பயமாக இருந்தது. உடனே அணைத்துவிட்டேன். வார்டுகளில் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சோதிப்பதற்கு இந்த ஊதுபத்திப் புகை முறையையே காற்றுவழித் தொற்றுத் தடுப்பு வழிகாட்டிகளும் சொல்கின்றன என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். உங்களுக்கு நான் சொல்வதில் நம்பிக்கை இல்லை என்றால், ஒரு பாக்கெட் ஊதுபத்தி வாங்கிக்கொண்டு நீங்களே வாருங்கள்.

ஏனென்றால் டி.பி. கிருமி பரவுவது அந்தப் புகை போலத்தான். இருமும்போது வெளியே வருகிற நுண்துளிகள் காய்ந்து, மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும். அதே காற்றை நீண்ட நேரம் சுவாசிக்கிறவருக்குத்தான் தொற்றும் வாய்ப்பு அதிகம். தட்டு, டம்ளர், துணி, கைகுலுக்குவது எதிலும் பரவாது. திறந்த வெளிக்குப் போனால் காற்றில் கலந்து நீர்த்துப்போகும், வெயிலில் செத்துப்போகும். ஃபேன் போட்டிருக்கிறோமே என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். வெளிக்காற்று வராத அறையில் ஃபேன் இருக்கிற காற்றையே கலக்கும், அவ்வளவுதான். அடுத்த வாரமே ஆஸ்பத்திரிச் சுவரோரம் தெரு நெடுக பிளீச்சிங் பவுடரைக் கோடு கிழித்த மாதிரி போட்டுவிட்டுப் போனார்கள். காற்றில் வருகிற நோய்க்குத் தரையில் பவுடர் போட்டு என்ன பயன், ஐயா?

அப்படியானால் தகரத்தால் யாருக்கு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். எதிர்த் தெருக்காரர்களுக்கு முன்பும் ஆபத்து இல்லை, இப்போதும் இல்லை. ஆபத்து எல்லாம் உள்ளே இருப்பவர்களுக்கு. டியூட்டி மாற்றி மாற்றி வருகிற சிஸ்டர்கள், பெட்ஷீட் மாற்றுகிற ஆயா, கான்ட்ராக்டில் வந்து தரை துடைக்கிற அக்கா, துணைக்கு இருக்கிற என்னைப் போன்றவர்கள். அந்த அக்காவுக்குக் கொடுத்திருந்தது ஒரு துணி மாஸ்க். தினம் இரண்டு மணி நேரம் அந்த ஹாலுக்குள் இருப்பார், வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான் என்று சொன்னார். என்-95 மாஸ்க் கேட்டதற்கு ஸ்டாக் இல்லை என்று பதில். நோயாளிகளுக்குள்ளேயும் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. மருந்து ஆரம்பித்துச் சில வாரம் ஆனவர்களிடமிருந்து பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். நேற்று வந்தவர், இன்னும் ரிசல்ட் வராதவர், மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யோ என்று சந்தேகத்தில் வைத்திருப்பவர் எல்லாரும் அதே ஹாலில் பக்கத்துக் கட்டிலில். ஒரு தொற்றோடு வந்தவர் இன்னொன்றையும் வாங்கிக்கொண்டு போகிற வாய்ப்பு அங்கே இருக்கிறது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது, இந்த ஒன்பது நாளில் யாருக்குத் தொற்றியது என்று இப்போது யாராலும் காட்ட முடியாது என்பதுதான். கிருமி உள்ளே போய் நோயாக வெளியே வர மாதங்கள் ஆகலாம், வருஷங்கள்கூட ஆகலாம். அந்த அக்காவுக்கு அடுத்த வருஷம் இருமல் வந்தால் எந்த ரிஜிஸ்டரிலும் "ஜன்னல் அடைத்ததால்" என்று எழுதப் போவதில்லை. ஆதாரம் கொடு என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். என்னிடம் இருக்கிற ஆதாரம் புகைதான். மற்ற ஆதாரம் உங்கள் சுகாதாரத் துறையிடமே இருக்கிறது. 2010-இல் மத்திய சுகாதார அமைச்சகம் காற்றுவழித் தொற்றுத் தடுப்புக்கென்று தனி வழிகாட்டியே வெளியிட்டது. இப்படிப்பட்ட வார்டுகளில் ஜன்னல்களைத் திறந்து வை, குறுக்குக் காற்றோட்டம் இருக்கட்டும் என்பது அதன் அடிப்படைப் பாடம். நகர்நல அலுவலர் அவர்களே, நீங்கள் டாக்டர். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

அந்தத் தெரு மக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் அதற்கு இரண்டு தெரு தள்ளித்தான் வளர்ந்தேன். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது அந்தச் சுவர் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம், கேட் தாண்டியதும்தான் விடுவோம். அம்மா சொல்லிக் கொடுத்தது. என் அண்ணனும் அப்படித்தான் ஓடினான். மனு கொடுத்தவர்களில் ஒரு பாட்டியை நான் போய்ப் பார்த்தேன். பேத்திக்கு ஆறு மாதம், தொட்டில் ஜன்னலோரம் கட்டியிருக்கிறார்கள், எதிரே ராத்திரி பூரா இருமல் சத்தம், அந்தப் பாட்டி பயப்படாமல் என்ன செய்யும்? நான் டி.பி. எப்படிப் பரவும் என்று சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இத ஒருத்தரும் வந்து சொல்லலியேப்பா" என்றது. உண்மைதான். ஒருத்தரும் போய்ச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது உங்கள் வேலை. அதைச் செய்யாமல் பயத்தை அப்படியே ஒப்புக்கொண்டு, "ஆமாம், அந்தக் காற்று விஷம்தான்" என்று ஏழு தகரத்தால் ஊருக்கே எழுதிக் காட்டிவிட்டீர்கள். தகரம் அடித்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் அதுவரை எங்களுக்குக் கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்தவர் பேப்பர் கப்பில் ஊற்றி, கப்பைப் பலகை மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். முன்பு காய்ச்சல் என்றால் நேரே வந்துகொண்டிருந்தவர்கள் இனி வருவார்களா? எங்கள் அண்ணன் மூன்று மாதம் மெடிக்கல் சிரப் குடித்துக்கொண்டு சுற்றியதற்குக் காரணமே அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான். அந்த மூன்று மாதமும் அவன் ஜன்னல் இல்லாத தையல் கடையில் நாலு பேரோடு உட்கார்ந்து தைத்தான். ஊருக்கு எது ஆபத்து என்று இதிலேயே தெரியவில்லையா?

டி.பி. நோயாளியைப் பூட்டி வைத்தால்தான் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு என்ற எண்ணத்தை உடைத்துக் காட்டியதே நம் சென்னைதான். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையத்தில், 193 ஏழை நோயாளிகளைப் பாதிப் பேர் வீட்டிலும் பாதிப் பேர் சானடோரியத்திலும் (டி.பி. நோயாளிகளைத் தங்க வைத்து வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி) என்று பிரித்து ஒரு வருஷம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1959-இல் வெளிவந்தது. நெரிசலான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட சமமாகக் குணமானார்கள். வீட்டில் கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் வந்துவிடவில்லை. உலகம் முழுக்க டி.பி. வைத்தியத்தை மாற்றிய ஆய்வு அது. பரவுவதைத் தடுப்பது சரியான மருந்துதான் என்று சொல்லிக் கொடுத்த ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்துகொண்டு நாம் இப்போது தகரம் அடிக்கிறோம்.

ஏழாம் நம்பர் கட்டிலில் ஒரு தாத்தா. யாரும் பார்க்க வருவதில்லை. காதும் சரியாகக் கேட்காது. அவர் கட்டிலிலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப் தெரியும், எந்த பஸ் லேட், எது கூட்டம் என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருப்பார், காலை மாத்திரையை மில் பஸ் வந்ததும் போடுவார், அதுதான் அவருக்குக் கடிகாரம். தகரம் அடித்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு "தம்பி, மில் பஸ் போயிருச்சா?" என்றார். மணி பதினொன்று ஆகியிருந்தது. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார், வியர்வையில் அது கரைந்து விரலெல்லாம் செங்கல் நிறமாகிவிட்டது. சிஸ்டரிடம் வேறு வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் இருந்தவரை அவருக்கு மணி சொல்வது என் வேலை. இப்போது யார் சொல்கிறார்களோ.

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். நேற்று எடை 43 கிலோ. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்துவிட்டுத் தடுப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஒழுங்காகப் போடுகிறோம். ஆக எங்கள் பிரச்சினை முடிந்துவிட்டது என்று நான் பேசாமல் இருக்கலாம். ஆனால் அந்த ஹாலில் இப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள், இன்றைக்கு ராத்திரியும் அந்தக் காற்றைத்தான் சுவாசிப்பார்கள்.

நான் கேட்பது இவைதான். முதலில், ஏழு ஜன்னல் தகரத்தையும் வென்டிலேட்டர் தகரத்தையும் இந்த வாரமே கழற்றுங்கள். தெருவுக்கு மறைப்பு வேண்டும் என்றால் காம்பவுண்டுச் சுவரோரம் மரம் வையுங்கள், புங்கன் சீக்கிரம் வளரும். ஜன்னலைத் தொடாதீர்கள். நகர்நல அலுவலர் நேரில் அந்தத் தெருவுக்கு வந்து, ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, டி.பி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று அந்தப் பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். துண்டுச்சீட்டு போதாது. கூப்பிட்டால் அண்ணனும் நானும் வந்து பேசுகிறோம், அவனே சம்மதித்துவிட்டான்.

அப்புறம், வார்டுக்குள் போகிற எல்லாருக்கும், கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் துணைக்கு இருப்பவர்களுக்கும் சேர்த்து, என்-95 மாஸ்க் கொடுங்கள். நோயாளிகளுக்குச் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் தடங்கல் இல்லாமல் கிடைக்க வேண்டும். மருந்து இன்னும் ஆரம்பிக்காதவர்களையும் ரிசல்ட் வராதவர்களையும் மற்றவர்களிடமிருந்து பிரித்து வையுங்கள், வராண்டாக் கோடியில் பூட்டிக் கிடக்கிற அறையைத் திறந்தாலே நாலு கட்டில் போடலாம், நான் அளந்து பார்த்தேன். தகரம் அடித்த நாளிலிருந்து அந்த வார்டில் வேலை பார்த்த, துணைக்கு இருந்த எல்லாருடைய பெயரையும் எடுத்து, அவர்களுக்கு இப்போதும் ஆறு மாதம் கழித்தும் பரிசோதனை செய்ய ஏற்பாடு செய்யுங்கள். அந்தத் தரை துடைக்கிற அக்காவை முதலில் கூப்பிடுங்கள்.

சாப்பாடும் ஒன்று. தினம் ஒரு முட்டை என்று போர்டில் எழுதியிருக்கிறது, நான் இருந்த 23 நாளில் முட்டை வந்தது 11 நாள், எண்ணி வைத்திருக்கிறேன். ஜார்க்கண்டில் டி.பி. நோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சத்தான உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வந்தது, அந்தக் குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. சாப்பாடு அவ்வளவு முக்கியம். மத்திய அரசு கொடுக்கும் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை அண்ணன் கணக்கில் இன்னும் ஏறவில்லை, பேங்க் விவரம் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. அவனைப் போல் வார்டில் எத்தனை பேருக்கு வரவில்லை என்று பார்த்து வாங்கிக் கொடுங்கள்.

பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தகரத்தைக் கழற்ற ஆள் இல்லை, டெண்டர் விட வேண்டும் என்று சொல்வீர்களானால் எங்கள் பட்டறையிலிருந்து நானும் இரண்டு பேரும் வருகிறோம், கூலி வேண்டாம். ஒரு ஜன்னலுக்கு 30 ஸ்க்ரூவுக்கு மேல் இல்லை. காலையில் மில் பஸ் வருவதற்குள் ஏழாம் நம்பர் கட்டில் ஜன்னலைத் திறந்துவிடலாம். அனுமதித் தாள் மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆஸ்பத்திரியில் 23 நாள் இருந்த ஒருவன்